ஹெவி லைசென்ஸ் எடுக்க வந்த போளூர்க்காரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு அஞ்சாவதோடு நின்றுபோனது. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது மறந்துபோகும். நான் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலை இப்போது முதலாளி பாயுடைய மகள் கவனித்துக்கொள்கிறாள். ஹெவி, அதாவது லாரி மாதிரி பெரிய வண்டி, பழக வருகிறவர்கள் படிக்கிற மாதிரி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று அவள்தான் கேட்டாள். நாலு பேர் முன்னால் பேசச் சொல்லியிருந்தால் வரவே மாட்டேன் என்றிருப்பேன். எழுதுகிறபோது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் சம்மதித்தேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. கட்டை போடுகிற வேலை

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நான் பாலசமுத்திரத்தில் மாந்தோப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இடுப்பு வலி வந்ததும் அதற்கும் போக முடியவில்லை. டிரைவிங் ஸ்கூலில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் நாள் விளக்குமாற்றோடு ஆபீஸ் வாசலில் நின்றேன். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, அதை அங்கிட்டுப் போடுங்க. கரைக்கு வாங்க, ஒரு சோலி இருக்கு" என்றார்.

ஊருக்கு வெளியே, ஆபீஸ் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், குளத்துக்கரைக்கு ஏறுகிற மண்பாதை இருக்கிறது. நல்ல மேடு. லாரியை மேட்டுப் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் மறுபடி எடுக்கப் பழக்குவது அங்கேதான். பழகுகிறவர்கள் எடுக்கும்போது வண்டி பின்னால் வரும். அதற்காகப் பின்சக்கரத்துக்கு அடியில் முக்கோணமாகச் செதுக்கின மரக்கட்டையை வைக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டிருந்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டார். அந்த வேலை எனக்கு வந்தது.

பாய் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். "நேரா பின்னால நிக்கவே கூடாதுக்கா. சக்கரத்துக்கு வெளிப்பக்கமா நில்லுங்க. டிரைவரு கண்ணாடியில உங்க சேலை தெரியணும். தெரியலன்னா நீங்க போயிட்டீங்கன்னு அவன் நெனச்சுக்குவான்."

லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. பின்னால் இருக்கிற ஆள் லாரியின் பாடியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் நில் என்று அர்த்தம். இரண்டு தட்டுத் தட்டினால் பின்னால் யாரும் இல்லை, எடுக்கலாம் என்று அர்த்தம். கட்டையை வைத்து, ஒதுங்கி நின்று, இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். வண்டி ஏறினதும் கட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். இவ்வளவுதான் வேலை.

எனக்கு அது தோதாக இருந்தது. எல்லோரும் ஸ்டேரிங்கைப் பார்ப்பார்கள், கியரைப் பார்ப்பார்கள். பின்னால் நிற்கிறவளை யாரும் பார்க்க மாட்டார்கள். வாய் திறந்து பேசவும் வேண்டாம்.

கட்டை போட்டுப் போட்டு எனக்கு ஒன்று தெரிய வந்தது. சிலர் எடுக்கும்போது வண்டி கட்டையின் மேல் வந்து நங்கென்று உட்காரும். மண்ணுக்குள் புதைந்துவிடும், கடப்பாறை வைத்து நெம்பித்தான் எடுப்பேன். நன்றாகப் பழகினவர்கள் எடுத்தால் கட்டை லேசாக முனகும். கட்டை அசையாமலேயே வண்டி ஏறினதை நான் ஒருத்தியிடம்தான் பார்த்தேன்.

2. கண்ணாடி பார்க்கிறவள்

அவள் பெயர் மகேஸ்வரி. கொடைக்கானலுக்கு மேலே போளூர். நாற்பது வயது இருக்கும். காலை நேரத்தில் ஒரு பையோடு வந்து இறங்கி, ஹெவி பழக வேண்டும் என்றாள். பாய் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை. அது அவருடைய குணம். முன்னால் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஜீப் ஓட்டுகிற லைசென்ஸ் வைத்திருந்தாள், எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியென்றால் ஹெவிக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுகிற லைசென்ஸ், போடலாம், ஒரு மாதம் கழித்து டெஸ்ட் என்றார்.

தினமும் மலையிலிருந்து வந்து போக முடியாது. ஆம்பளைகள் தங்குகிற ரூமில் அவளை விட முடியாது. பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அப்படித்தான் அவள் என் வீட்டில் தங்கினாள்.

மகேஸ்வரி வீட்டில் சொந்தமாக ஓர் ஆறு வீல் லாரி இருந்தது. மேலே விளைகிற கேரட்டையும் பீன்ஸையும் பூண்டையும் அவள் வீட்டுக்காரர் சின்னராசு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு வருவார். சர்க்கரை வியாதியால் அவருக்கு ஒரு கண் மங்கிவிட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது, கண்ணைச் சோதித்த டாக்டர் சர்ட்டிபிகேட் தர முடியாது என்று சொல்லிவிட்டார். கூலிக்கு டிரைவர் வைத்தார்கள். ஒருவர் கியர்பாக்ஸை உடைத்தார், அடுத்தவர் மலைக்கு வரவே பயந்தார். லாரி வீட்டு முன்னால் சும்மா கிடந்தது. பூண்டு அறுப்புக்குள் ஓட்ட ஆள் இல்லையென்றால் விற்றுவிடுவது என்று சின்னராசு முடிவு செய்திருந்தார். அதற்குள் நான் லைசென்ஸ் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு இவள் கிளம்பி வந்திருக்கிறாள்.

கூடப் பழகின ஆம்பளைகள் முதல் நாளே சீண்டினார்கள். "ஏக்கா, ஜீப்பு ஓட்டுனது பத்தாதா, லாரியும் கேக்குதா?" என்றான் ஒருவன்.

"உங்க வீட்டு லாரின்னா வேணாம்னுருப்பேன் தம்பி. இது எங்க வீட்டு லாரி" என்றாள்.

ஸ்டேரிங்கில் உட்கார்ந்ததும் மலைக்காரி என்பது தெரிந்துவிட்டது. கிரவுண்டில் டிரம்களை வைத்து எட்டுப் போடச் சொன்னார்கள். எட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தாள். மலையில் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் அடித்துத்தானே ஆக வேண்டும், அந்தப் பழக்கம். பாய் சிரித்துக்கொண்டே, "ஏன் தங்கச்சி, அந்த டிரம்மு என்ன எதுக்கால வரவா போகுது?" என்றார். அவளும் சிரித்தாள். அடுத்த வளைவில் கை தானாக ஹார்னுக்குப் போனது, இழுத்துக்கொண்டாள்.

கரை மேட்டில் ஏற்றினபோதுதான் நான் அசந்துபோனேன். பாதியில் நிறுத்தினாள். கட்டையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். வண்டி மேலே போய்விட்டது. கட்டை வைத்த இடத்திலேயே கிடந்தது, அதன் மேல் சக்கரத்தின் தடமே இல்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பாயிடம் நானாக எதுவும் பேசியதில்லை. அன்றைக்குக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது. "இந்தப் புள்ளைக்கு டெஸ்ட்டே வேணாம்க்கா, அப்படியே குடுத்துறலாம்" என்றார்.

இன்னொன்றையும் கவனித்தேன். எடுப்பதற்கு முன்னால் மற்றவர்கள் ரோட்டைப் பார்ப்பார்கள். இவள் கண்ணாடியில் என் சேலையைப் பார்ப்பாள்.

3. முதல் டெஸ்ட்

டெஸ்ட் நாளில் ஆர்.டி.ஓ. கிரவுண்டில் நல்ல கூட்டம், அங்கேயும் ஒரு மண்மேடு உண்டு. டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர், வள்ளென்று விழுகிறவர் இல்லை. மேட்டுப் பக்கம் யாரும் வண்டிக்கு அருகில் நிற்கக் கூடாது, கட்டை போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது சரியான ரூல்தான். நான் கட்டையோடு கம்பி வேலி ஓரம் நின்றேன்.

எட்டு நன்றாகப் போட்டாள். ஹார்ன் அடிக்கவில்லை. ரிவர்ஸ் நன்றாக எடுத்தாள். மேட்டில் ஏறிப் பாதியில் நிறுத்தச் சொன்னதும் அலுங்காமல் நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டிலிருந்து, "எடும்மா" என்றார். வண்டி நகரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மறுபடியும் எடும்மா என்றார். நகரவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "லாரியத் தூங்க வைக்குதுப்பா" என்று ஒருவன் சொன்னது அவளுக்கே கேட்டிருக்கும்.

எனக்கு என்ன நடக்கிறதென்று புரிந்துவிட்டது. அவள் தட்டுக்குக் காத்திருந்தாள். வேலியைத் தாண்டி ஓடிப்போய்த் தட்டிவிட முடியாது. கை மட்டும் பரபரத்தது.

கடைசியில் இன்ஸ்பெக்டர் இறங்கிவிட்டார். "பயமிருந்தா ஹெவி வேணாம்மா. பழகிட்டு வா. அடுத்தாளு" என்றார். ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட்டுக்கு வர முடியும்.

அவள் இறங்கி வந்து என்னைத் தாண்டித் தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகம் கழுவினாள். நான் முந்தானையைக் கொடுத்தேன்.

"தட்டு வரல பெரியம்மா" என்றாள்.

4. பழகுவதும் பழகாததும்

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஸ்கூல் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் வீட்டுக்காரருக்குக் கிளீனர். வேறு ஆள் வைக்க வசதியில்லை. லோடு ஏற்றுவது, தார்ப்பாய் கட்டுவது, மேட்டில் நின்றால் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பது எல்லாம் அவள். வண்டி ஓட்டவும் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு நாள் பூம்பாறைப் பக்கம் மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். மேகம் இறங்கி, கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. வைத்த கல் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது, குனிந்து அதை நெம்பிக்கொண்டிருந்தாள். டீக்கடையில் நின்ற யாரோ அவள் ஏறிவிட்டாள் என்று நினைத்து, "போலாம், போலாம்" என்று கத்தியிருக்கிறார். பின்னால் ஜீப்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள்.

"அவரு அசையல பெரியம்மா. அத்தனை பேரு கத்துறாங்க, தட்டு வரலேன்னு அப்படியே உக்காந்துருக்காரு. அன்னைக்கு எடுத்துருந்தா இன்னைக்கு யாரு இங்க நின்னு லாரி கழுவுறது" என்றாள்.

சொல்லிவிட்டு டயரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போது அந்தச் சின்னராசுவை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது.

பாயிடம் இதை அவளே சொன்னாள். பாய் கேட்டுவிட்டு வெகுநேரம் தாடியைத் தடவினார். பிறகு, இந்த வாரம் முழுக்கக் கட்டையும் வேண்டாம், தட்டும் வேண்டாம், அக்கா கரைக்கே வர வேண்டாம் என்றார். தான் சொல்கிறபோது அவள் எடுக்க வேண்டும், இரண்டு நாளில் பழகிவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. டெஸ்ட்டில் யாரும் தட்டப் போவதில்லையே.

நான் ஆபீஸைக் கூட்டிக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாய் எடு எடு என்று கத்துவது கேட்கும். எடுத்தாள். ஆனால் முன்னே மாதிரி இல்லை. வண்டி பின்னால் உருண்டு, குலுங்கி, திணறி ஏறியது. மனசு ஒப்பாமல் கால் கிளட்சில் நிற்குமா? அவ்வளவு நன்றாக ஓட்டுகிறவள் அந்த வாரம் புதுசாகப் பழகுகிறவள் மாதிரி ஓட்டினாள்.

வாரக் கடைசியில் ஊரிலிருந்து போன் வந்தது. வாங்குகிறவர் கொடைக்கானலிலிருந்து லாரியைப் பார்க்க வருகிறார், டெஸ்ட் நாளன்று மத்தியானம் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார் என்று சின்னராசு சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது. பூண்டு அறுப்பு ஆரம்பித்துவிட்டது. அவர் தயங்கித் தயங்கிப் பேசியது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டு அவள் பாயிடம் போனாள். "பழகிரும் பழகிரும்னு சொல்றீங்க பாய். தட்டு வராம எடுக்குறது எனக்குப் பழகக் கூடாதுன்னு தோணுது" என்றாள்.

"லைசென்ஸு வேணுமா வேணாமா தங்கச்சி?"

"வேணும்."

"அப்ப?"

அன்றைக்கு வீட்டில் சோறு வைத்தேன், அவள் பிசைந்துகொண்டே இருந்தாள்.

5. இரண்டாவது டெஸ்ட்

அதே கிரவுண்டு, அதே இன்ஸ்பெக்டர். போன தடவை சிரித்தவர்களில் இரண்டு பேர் மறுபடியும் வந்திருந்தார்கள், அவர்களும் ஃபெயில் ஆனவர்கள்தான். "யக்கா, இன்னைக்காவது முழிச்சுக்குமா வண்டி?" என்றான் ஒருவன். அவள் காதில் வாங்கவில்லை. நான் வேலி ஓரம் நின்றேன். பழக்கத்தில் கட்டையையும் கொண்டு வந்திருந்தேன், காலடியில் போட்டுவிட்டேன்.

மேட்டில் பாதியில் நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் எடும்மா என்றார். ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தாள்.

பிறகு எஞ்சின் நின்றது. போச்சு, லாரியும் போச்சு என்று நினைத்தேன்.

எஞ்சினை அவள்தான் அணைத்திருக்கிறாள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, "ஒரு நிமிசம் சார்" என்று சொல்லிக் கதவைத் திறந்து இறங்கினாள். அவசரம் இல்லாமல் வண்டியைச் சுற்றிப் பின்னால் வந்தாள். குனிந்து இரண்டு பக்கச் சக்கரத்துக்கு அடியிலும் பார்த்தாள். அங்கே வெறும் மண்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் போய் ஏறினாள். ஸ்டார்ட் செய்தாள். ஜன்னல் வழியாக வலது கையை வெளியே விட்டுக் கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். தனக்குத் தானே தட்டிக்கொண்டாள்.

வண்டி போனது. பின்பக்கம் ஒரு விரல்கடைகூட வரவில்லை. சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் நான், சத்தியமாகச் சொல்வேன்.

மேலே போய் நிறுத்தினதும் இரண்டு பேரும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் என்ன சொல்லப் போகிறாரோ என்று பாயும் நானும் வேலியோரமாகவே மேலே போனோம்.

"பின்னால என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் எதுக்கு எறங்குன?"

"ஒண்ணுமில்லன்னு தெரியணும்ல சார்."

இன்ஸ்பெக்டர் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தார். "எறங்கிப் பாத்ததுக்கெல்லாம் நான் மார்க் போட முடியாது. வண்டி பின்னால வரல, அதுக்குப் போட்டுருக்கேன்" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டு, திரும்பி அவளிடம், "மலையில பாத்துப் போம்மா" என்றார்.

பாஸ் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. பாய்தான், "குடுத்துட்டாருத்தா" என்றார். நான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை. போனை எடுத்து ஊருக்குப் பேசினாள். வாங்க வந்தவர் அங்கே வீட்டு வாசலில் லாரியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வந்த ஆளுக்கு டீயப் போட்டுக் குடுத்து அனுப்பி வைங்க. வெரசா மேல வாறேன்" என்றாள்.

6. அதற்குப் பிறகு

அந்தப் பூண்டு அறுப்பில் அவர்கள் லாரி மலையிலிருந்து இறங்கினதை நானே பார்த்தேன். அவள்தான் ஓட்டினாள், கிளீனர் சீட்டில் சின்னராசு. ஸ்கூல் முன்னால் நிறுத்தி, பாய்க்கு ஒரு பை பூண்டும் எனக்கு ஒரு பை கேரட்டும் கொடுத்தார்கள். சின்னராசு ஒல்லியான மனிதர், என்னைப் போலவே அதிகம் பேசாதவர். கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். கிளம்பும்போது பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, பாடியில் தட்டிவிட்டு ஓடி ஏறிக்கொண்டார்.

மகேஸ்வரி போன பிறகு பாய் ஸ்கூலில் ஒரு மாற்றம் செய்தார். மேட்டில் பழகுகிறவர்கள் யாராக இருந்தாலும், எடுப்பதற்கு முன்னால் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வர வேண்டும். முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். என் முகத்தைப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய் வண்டி எடுக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு கட்டை முன்பு மாதிரி மண்ணில் புதைவதில்லை. பின்னால் நிற்கிறவள் யாரென்று பார்த்துவிட்டுப் போனவர்கள் கிளட்சை மெதுவாக விட்டார்கள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஹெவி பழக வருகிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் இதைத்தான் சொல்லத் தெரியும். பின்னால் இருந்து ஹார்ன் அடிப்பான், பக்கத்தில் இருக்கிறவர் எடு எடு என்பார், கூட நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இறங்கிப் பார்த்துவிட்டு எடுங்கள். அதற்கு ஆகிற நேரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்தான்.

இப்போது டெஸ்ட் கிரவுண்டில் கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் வைக்கிறார்களாம். நடுவில் இறங்கினால் ஃபெயில் என்று அது சொல்லுமோ என்னவோ, எனக்குத் தெரியாது. எல்.எல்.ஆருக்கு நான் எழுதின கணக்கும், ஒரு வாரம் கழித்து மறு டெஸ்ட் என்று எழுதினதும் எங்கள் காலத்து ரூல். மாறியிருக்கலாம். பாயுடைய மகளோ விவரம் தெரிந்த வேறு யாரோ ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, தப்பாக இருக்கிற இடங்களைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். தேவையில்லாத இடங்களை அடித்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. அவள் இறங்கிப் பார்த்த இடத்தை மட்டும் அடித்துவிடாதீர்கள்.